பெட்டிச் செய்திகள்

பாடநூலில் பெண்கள் பெட்டிக்குள் இருப்பார்கள். பாடம் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். அரசர்கள் படையெடுப்பார்கள், கவர்னர்கள் கப்பலிலிருந்து இறங்குவார்கள், தலைவர்கள் சிறைக்குப் போவார்கள். பக்கத்தின் ஓரத்தில் வெளிர் நிறத்தில் ஒரு கட்டம் போட்டு, அதற்குள் நான்கு வரியில் ஒரு பெண் நிற்பாள். நான் மாணவியாக இருந்தபோது அந்தக் கட்டமும் கிடையாது. முப்பது ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவாக அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் நடத்தியவள் என்ற முறையில் சொல்கிறேன்: கட்டம் வந்ததே முன்னேற்றம்தான். ஆனால் கட்டத்திலிருந்து ஐந்து மதிப்பெண் வினா வராது என்று எல்லா மாணவிகளுக்கும் தெரியும். அதனால் கண் அந்தப் பக்கம் போகாது.

நான் செய்தது பெரிய புதுமை ஒன்றுமில்லை. பாடத்தைக் கட்டத்திலிருந்து தொடங்கினேன். உதாரணத்துக்கு இந்திய தேசிய இராணுவம். 1943-ல் சிங்கப்பூரில் சுபாஷ் சந்திர போஸ் பெண்களுக்கென்று ஜான்சி ராணி படைப்பிரிவைத் தொடங்கினார். மருத்துவர் லட்சுமி அதற்குத் தலைமை ஏற்றார். இவ்வளவுதான் கட்டத்தில் இருக்கும். அந்தப் படையில் சேர்ந்தவர்களில் நிறையப் பேர் மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டிய தமிழ்க் குடும்பத்துப் பெண்கள். பலர் இந்தியாவைக் கண்ணால் கண்டதே இல்லை. இதை மட்டும் சொல்லிவிட்டுச் சும்மா இருந்தேன். மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு கேள்வி வந்தது: "லட்சுமி பேரு போட்டிருக்கு. மத்தவங்க பேரெல்லாம் எங்க டீச்சர்?"

அந்த ஒரு கேள்வி வந்துவிட்டால் போதும். பிறகு இரண்டாம் உலகப் போரை அந்தப் பெண்ணே இழுத்துக்கொண்டு போவாள். மலாயாவுக்கு அவர்கள் ஏன் போனார்கள், ஜப்பான் ஏன் வந்தது, சிங்கப்பூர் எப்படி விழுந்தது, எல்லாம் அதற்குப் பின்னால் வரும். "சுவையாகப் பாடம் நடத்துவது எப்படி" என்று பணியிடைப் பயிற்சிகளில் சொல்லித் தருவார்கள். பாட்டு, நாடகம், வண்ண அட்டை என்று போகும். அவற்றைக் குறை சொல்லவில்லை. மதியம் இரண்டு மணி வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே அறுபது பிள்ளைகளை விழித்திருக்க வைக்க வண்ண அட்டை உதவும்தான். ஆனால் பாடத்தில் தனக்கு ஒரு பங்கு இருக்கிறது என்று ஒருத்திக்குத் தெரியும்வரை அவள் வேடிக்கைதான் பார்ப்பாள்.

எங்கள் பகுதி திருநெல்வேலிக்கு மேற்கே. பீடி சுற்றாத வீடு குறைவு. ஆண்கள் வெளியூருக்கு வேலைக்குப் போயிருப்பார்கள். திண்ணையில் பெண்கள் மடியில் சொளகை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பள்ளிவிட்டுப் போகிற பிள்ளை பையை வைத்துவிட்டு நேரே இலை வெட்ட உட்காரும். ஒன்பதாம் வகுப்பில் தொழிற்புரட்சிப் பாடம் வரும்போது இந்தப் பிள்ளைகளிடம் லங்காஷயரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நூற்கும் ஜென்னி, ஹார்கிரீவ்ஸ், 1764 என்று மனப்பாடம் செய்து ஒப்பித்துவிடுவார்கள். அதில் ஒன்றுமே ஒட்டாது.

"யார் யார் வீட்டில் பீடி சுற்றுகிறீர்கள்?" என்று கேட்கக் கூடாது. அப்படிக் கேட்டால் கை தூக்க மாட்டார்கள். வெட்கம் ஒருபுறம். அதிகாரி யாராவது வந்து கணக்கெடுத்தால் வீட்டில் திட்டு விழும் என்ற பயம் ஒருபுறம். நான் ஒரு சொளகும், கொஞ்சம் நனைத்த இலையும், தூளும், நூலும், கத்திரியும் வாங்கிக்கொண்டு வகுப்புக்குப் போனேன். மேசைமேல் வைத்துவிட்டு, "எனக்குச் சுற்றத் தெரியாது, சொல்லிக் கொடுங்க" என்றேன். நான் சுற்றிய பீடி சுருட்டுமாதிரி வீங்கி இருந்தது. கையை எடுத்ததும் பிரிந்துகொண்டது. வகுப்பே சிரித்தது. அதுவரை வாயே திறக்காத ஒரு பெண் எழுந்து வந்து, "இப்படிப் பிடிச்சா எப்படி டீச்சர், செக்கர் பூராத்தையும் கழிச்சுப் போட்ருவாரு" என்று என் கையிலிருந்து வாங்கிச் சுற்றினாள். கண் மூடித் திறப்பதற்குள் முனையும் மடக்கி நூலும் கட்டிவிட்டாள்.

அதற்குப் பிறகு கரும்பலகையில் நான்கு கேள்விகள். இலையும் தூளும் யாருடையவை? சொளகும் கத்திரியும் யாருடையவை? இடம் யாருடையது? இலை பற்றாமல் போனால் யார் காசு? பதில் அவர்கள் வாயிலிருந்தே வந்தது. இலை கம்பெனியுடையது, கத்திரி அம்மாவுடையது, திண்ணை எங்களுடையது, இலை குறைந்தால் கடையில் வாங்கிப் போடுவது எங்கள் காசு. இருபத்தைந்து பீடி ஒரு கட்டு, நாற்பது கட்டு ஆயிரம், கூலி ஆயிரத்துக்கு. இந்தக் கணக்கு எந்தப் பிள்ளைக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. இதே ஏற்பாடுதான் ஆலை வருவதற்கு முன் இங்கிலாந்துக் கிராமங்களில் இருந்தது என்று சொன்னேன். வியாபாரி பஞ்சைக் கொண்டுவந்து கொடுப்பான், வீட்டில் பெண்கள் நூற்பார்கள், புருஷன் நெய்வான். நூற்பவள் என்று பொருள்படும் 'ஸ்பின்ஸ்டர்' என்ற சொல்தான் பிற்பாடு கல்யாணமாகாத பெண்ணைக் குறிக்கும் சொல்லானது என்றதும் ஒரு சலசலப்பு. "எங்க அத்தையும் அப்பிடித்தான் டீச்சர், கல்யாணம் ஆகல, பீடி சுத்துதா. அவ கூலியிலதான் எங்க சித்தப்பா படிச்சாரு." பாடநூலில் எந்தக் கட்டத்திலும் இல்லாத வரி அது.

அன்று பாடம் நான் திட்டமிட்ட இடத்தில் நிற்கவில்லை. 1833-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் ஒன்பது வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை நெசவாலைகளில் வைக்கக் கூடாது என்றது, 1847-ல் பெண்களுக்கும் இளையோருக்கும் பத்து மணி நேர வேலை என்று வந்தது என்றெல்லாம் எழுதிக்கொண்டிருந்தேன். "வீட்டுல வேலை பாக்கிறவங்களுக்கு எத்தனை மணி நேரம்?" என்று கேட்டாள், பீடி சுற்றிக் காட்டிய அதே பெண். சட்டம் ஆலைக் கதவுவரை வந்தது, வீட்டுக் கதவைத் தட்டவில்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. நம் நாட்டில் 1966-ல் வந்த பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டிலிருந்து சுற்றுபவர்களையும் தொழிலாளர் என்று ஏற்றுக்கொண்டது. பாஸ் புத்தகத்துக்கும் சேமநல நிதிக்கும் அம்மாக்கள் அலைவது அதனால்தான். ஆனால் 1986-ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் பதினான்கு வயதுக்குட்பட்டவர்களைப் பீடித் தொழிலில் தடை செய்துவிட்டு, குடும்பத்தோடு வீட்டில் செய்தால் விலக்கு என்று ஒரு சன்னலைத் திறந்து வைத்தது. அந்தச் சன்னலுக்குள்தான் என் வகுப்பு உட்கார்ந்திருந்தது. அவர்கள் சுற்றுவது தவறு என்று நான் சொல்லவில்லை. சொல்லிவிட்டு, மாலையில் அவர்கள் வீட்டு உலையில் அரிசி போட நான் போவேனா? யாருடைய உழைப்பு எந்தப் பெயரில் கணக்கில் ஏறுகிறது என்று கேட்கத் தெரிந்தால் போதும் என்று நினைத்தேன். ஆயிரம் பீடியில் முந்நூறு மகள் சுற்றியது. பாஸ் புத்தகத்தில் அம்மா பெயர். சில வீடுகளில் அந்தப் பாஸ் புத்தகமும் வேறு யாருடைய பெயரிலோ இருக்கும்.

தமிழாசிரியர் பணியிடம் காலியாகக் கிடந்த இரண்டு ஆண்டுகள் தமிழும் நான்தான் எடுத்தேன். சங்கப் பாடல்களில் பெண்கள் எழுதியவை இருக்கின்றன என்று பெருமையாகச் சொல்லி, ஔவையார், வெள்ளிவீதியார், காக்கைபாடினியார் நச்செள்ளையார், ஒக்கூர் மாசாத்தியார் என்று பட்டியல் போட்டுவிட்டுப் போய்விடலாம். பட்டியலும் ஒருவகைப் பெட்டிதான். புறநானூற்றில் 312-ஆம் பாட்டு பொன்முடியார் பாடியது. எல்லோருக்கும் தெரிந்த பாட்டு. மகனைப் பெற்று வளர்ப்பது தாயின் கடமை, அவனைச் சான்றோனாக்குவது தந்தையின் கடமை, வேல் வடித்துக் கொடுப்பது கொல்லனுடையது என்று ஒவ்வொருவர் கடனும் வரிசையாக வரும். வீரத்தாய் என்ற தலைப்பில் கட்டுரை எழுதச் சொல்வதுதான் வழக்கம். நான் அவர்களைப் பட்டியல் போடச் சொன்னேன்: யார், யாருக்கு, என்ன செய்ய வேண்டும். போட்டு முடித்துவிட்டு ஒருத்தி, "இதுல பொம்பளப் பிள்ளைக்கு ஒண்ணுமே இல்லையே டீச்சர்" என்றாள். பக்கத்திலிருந்தவள் உடனே, "அவளுக்கும் சேத்துத்தான் மொத வரியில இருக்கே, பெத்து வளக்கணும்னு" என்றாள். இதற்கு மேல் அந்தப் பாட்டுக்கு நான் என்ன விளக்கம் சொல்ல? பாடியவர் ஒரு பெண் என்பதையும் மறக்காதீர்கள் என்று மட்டும் சொன்னேன். அவர் ஊர் சொன்னதைப் பாடினாரா, தன் மனத்தைப் பாடினாரா, பாடும்போது தொண்டை அடைத்ததா என்று அவர்களே சண்டை போட்டுக்கொண்டார்கள். கட்டாயம் எழுத வேண்டிய ஐந்து மதிப்பெண் விடையையும் எழுத வைத்தேன். தேர்வுத்தாள் திருத்துகிறவரிடம் போய் நாம் வாதாட முடியாதல்லவா.

சிலப்பதிகாரத்தில் வழக்குரை காதை எந்தப் பள்ளியிலும் நாடகமாகும். உயரமான பெண் பாண்டியன், கணீரென்ற குரல் உள்ளவள் கண்ணகி, சிலம்புக்குப் பதில் வளையல். கைதட்டல் வாங்கும். நான் அதை நீதிமன்றமாக மாற்றிப் பார்த்தேன். சாட்சிகள் யார், விசாரிக்கப்படாதவர் யார் என்று கேட்டால், பொற்கொல்லனை யாரும் கூப்பிட்டு விசாரிக்கவே இல்லை என்பதை ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். மதுரையை எரிக்கும்போது பத்தினிப் பெண்களைத் தொடாதே என்று தீயிடம் கண்ணகி சொல்கிறாள். "பத்தினின்னு தீக்கு எப்படித் தெரியும்?" என்று ஒருத்தி கேட்டாள். சிரித்தோம். பிறகு சிரிப்பு நின்றுபோனது, ஏனென்றால் அந்த ஆண்டு பத்தாம் வகுப்பில் ஒரு பெண்ணைப் பற்றி ஊரில் ஏதோ பேசி, அவளைப் பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்தி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

நூலின் தொடக்கத்தில் உரைபெறு கட்டுரையில் ஒரு செய்தி வரும். கண்ணகியின் சினம் தணிய, கொற்கையிலிருந்த வெற்றிவேல் செழியன் ஆயிரம் பொற்கொல்லர்களைப் பலி கொடுத்தானாம். பாடத்தில் இது இருக்காது. கொற்கை எங்களுக்குத் தூரத்து ஊர் இல்லை, பேருந்து ஏறினால் போய்ச் சேரலாம் என்பதால் சொன்னேன். "ஒருத்தன் செஞ்ச களவுக்கு அந்த ஆயிரம் பேரு என்ன டீச்சர் செஞ்சாவ?" வகுப்பு சட்டென்று அமைதியானது. எங்கள் மாவட்டத்தில் இந்தக் கேள்விக்கு விளக்கவுரை வேண்டாம். ஒரு தெருப் பையன் ஏதோ செய்தான் என்று அந்தத் தெருவையே அடித்த கதைகள் பிள்ளைகளுக்குத் தெரியும். கையில் கட்டும் கயிற்றின் நிறத்தை வைத்துச் சாதி சொல்கிற ஊர் இது. 2023-ல் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டினார்கள். வெட்டியவர்களும் பள்ளி மாணவர்கள். அதன் பிறகுதான் நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைந்து, கயிறும் பொட்டும் வேண்டாம் என்று அறிக்கை வந்தது. வகுப்பறையில் இருப்பவர்களுக்கு அது எத்தனையோ காலமாகத் தெரியும்.

அதனால் குழு பிரிப்பதுதான் என் பாடத்திட்டத்திலேயே கடினமான வேலையாக இருந்தது. "ஐந்து ஐந்து பேராக உட்காருங்கள்" என்றால் தெரு தெருவாக உட்கார்வார்கள். தோழிகள் என்று நாம் நினைப்போம்; ஒரே சாதியாக இருக்கும். வருகைப் பதிவேட்டைப் பார்த்துப் பிறந்த மாதப்படி பிரித்தேன். முணுமுணுப்பு இருந்தது. டிசம்பரில் பிறந்தவர்கள் நான்கே பேர்தான், மே மாதத்தில் பதினோரு பேர். பள்ளியில் சேர்க்கும்போது தலைமையாசிரியர்கள் போட்ட பிறந்தநாள் அல்லவா! ஆனாலும் அது வேலை செய்தது.

அந்தக் குழுக்களுக்குத்தான் ஆச்சிகளிடம் கதை கேட்கும் வேலையைக் கொடுத்தேன். "பழைய காலத்தைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டால் எந்த ஆச்சியும், "என்னத்தச் சொல்ல, கஷ்டந்தான்" என்பார். ஆகவே பொருள்களைப் பற்றிக் கேட்கச் சொன்னேன். முதல் ரவிக்கை எப்போது போட்டீர்கள், யார் தைத்தது? முதல் செருப்பு? எந்தக் கிணற்றில் தண்ணீர் எடுத்தீர்கள்? முதல் கையெழுத்து எதில் போட்டீர்கள்? முதல் ஓட்டு? ஓட்டைப் பற்றிக் கேட்டதற்குக் காரணம் உண்டு. சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தலுக்குப் பட்டியல் எடுத்தபோது, வட மாநிலங்களில் பல பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லாமல் இன்னாரின் மனைவி, இன்னாரின் அம்மா என்றே பதிந்தார்கள். அப்படிப் பதிந்த ஏறத்தாழ 28 லட்சம் பேர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள். இதைக் கேட்டதும் பிள்ளைகள் வீட்டுக்குப் போய் முதலில் கேட்டது ஆச்சியின் பெயரைத்தான். தன் ஆச்சியின் பெயர் தெரியாதவர்கள் என் வகுப்பில் பதினேழு பேர் இருந்தார்கள்.

எழுதி வந்த தாள்களில் பெயர் கூடாது, தெரு கூடாது என்று சொல்லியிருந்தேன். குழுக்களுக்குள் மாற்றிக் கொடுத்து, ஒருத்தி எழுதியதை வேறொருத்தி வாசிக்க வேண்டும். ரவிக்கை பற்றி ஒரு தாளில் இருந்தது, தன் பாட்டியின் பாட்டி தோளில் சேலை போடப் பயந்த கதை. எல்லைக்கு அந்தப்பக்கம் தென்திருவிதாங்கூரில் தோள்சீலைக்காக நடந்த போராட்டமும் 1859-ல் மன்னர் பிறப்பித்த ஆணையும் அந்தத் தாளிலிருந்தே பாடமாயின. மத்தியப் பாடத்திட்டத்தின் ஒன்பதாம் வகுப்பு வரலாற்றில் இருந்த அந்தப் பகுதியை 2016-ல் நீக்கிய செய்தியைப் பத்திரிகையில் படித்தபோது எனக்கு வகுப்பறைதான் நினைவுக்கு வந்தது. நூலிலிருந்து எடுத்துவிடலாம், ஆச்சியிடமிருந்து எடுக்க முடியாது. ஆச்சி இருக்கும்வரை.

இன்னொரு தாளை வாசித்தவள் ஊரின் பெரிய தெருப் பெண். அதில் இருந்தது செருப்பு. அந்தத் தெருவில் நடக்கும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று இருந்ததையும், பிரசவ வலியோடு போனபோதும் தன் மாமியார் அதைக் கழற்றச் சொன்னதையும் ஒரு ஆச்சி சொல்லியிருந்தார். பெயர் இல்லை, தெரு இல்லை. ஆனால் அந்த ஊரில் அது எந்தத் தெரு என்று தெரியாதவர் யார்? வாசித்தவள் பாதியில் நிறுத்தினாள். தண்ணீர் குடித்தாள். மிச்சத்தையும் வாசித்து முடித்துவிட்டுத் தாளை என்னிடம் கொடுக்காமல் தானே வைத்துக்கொண்டாள். நான் திருப்பிக் கேட்கவில்லை. மறுநாள் இரண்டு தகப்பன்மார் தலைமையாசிரியரைப் பார்க்க வந்தார்கள். ஒருவர் அந்தத் தெரு, ஒருவர் இந்தத் தெரு. இருவருக்கும் ஒரே புகார்தான்: வீட்டு விஷயத்தைப் பள்ளிக்கூடத்தில் எதற்குப் பேச வேண்டும்? தலைமையாசிரியர் பாடத்திட்டத்தில் இருக்கிறதா என்று கேட்டார். பாடநூலில் 'வாய்மொழிச் சான்றுகள்' என்று இருந்த வரியைக் காட்டினேன். அந்த ஒரு வரியை நான் வருடக்கணக்கில் கேடயமாக வைத்திருந்தேன்.

முதல் கையெழுத்து பற்றிய கேள்விக்கு வந்த பதில்களில் அதிகம் இருந்தவை இரண்டு: சங்கக் கடன் நோட்டு, அண்ணன் தம்பிக்குப் போட்ட விடுதலைப் பத்திரம். விடுதலைப் பத்திரம் என்றால் பிள்ளைகள் சிறையிலிருந்து விடுதலை என்று நினைத்தார்கள். பூர்வீகச் சொத்தில் எனக்குப் பங்கு வேண்டாம் என்று பெண் எழுதிக் கொடுப்பது என்று விளக்கினேன். அங்கிருந்து சட்டங்களுக்குப் போனோம். தகப்பன் தானே சம்பாதித்து, உயில் எழுதாமல் இறந்தால் மகளுக்கும் சம பங்கு என்று 1956-ல் வந்தது. பூர்வீகச் சொத்தில் மகளும் பங்குதாரர் என்று தமிழ்நாட்டில் 1989-ல் வந்தது. ஆனால் அந்த ஆண்டு மார்ச் 25-க்கு முன் கல்யாணமான பெண்களுக்கு அது இல்லை. மையச் சட்டம் 2005 செப்டம்பர் 9 முதல் அந்தக் கல்யாணக் கணக்கை எடுத்துவிட்டது. இவை இந்துக் குடும்பங்களுக்கு. கிறித்தவப் பிள்ளைகளுக்கும் முஸ்லிம் பிள்ளைகளுக்கும் அவர்கள் சட்டத்தைத் தனியாகச் சொன்னேன். யாருக்குக் கூடுதல், யாருக்குக் குறைவு என்று மதிய உணவு வரிசைவரை விவாதம் போனது.

இது நடந்தது 2006-ல். அடுத்த வாரம் ஒரு பெண்ணின் அம்மா பள்ளிக்கு வந்தார். பீடிக் கம்பெனியில் கொடுத்துவிட்டு நேரே வந்திருந்தார், கையில் வெறும் சொளகு. "பிள்ள என்னமோ தேதி சொல்லுதா டீச்சர். எனக்கு எண்பத்தெட்டுல கல்யாணம். அண்ணன் கையெழுத்துக் கேக்கான். எனக்கு ஒண்ணுமில்லன்னுதான் இம்புட்டு நாளும் நெனச்சேன். அந்தத் தேதிய ஒரு தாள்ல எழுதித் தருவியளா?"

எழுதிக் கொடுத்தேன், இரண்டு தேதிகளையும். நான் வக்கீல் இல்லை, கையெழுத்துப் போடுவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள் என்றேன். பெண்களுக்கு இலவசமாகவே வக்கீல் வைத்துத் தரச் சட்டப்பணிகள் குழு நீதிமன்றத்தில் இருக்கிறது, வருமானச் சான்றுகூட வேண்டியதில்லை என்று சொல்லி, எந்தப் பேருந்தில் போக வேண்டும் என்பதையும் அதே தாளில் எழுதினேன். தாளை நான்காக மடித்துப் பாஸ் புத்தகத்துக்குள் வைத்தார்.

"கோர்ட்டுக்குப் போனா அண்ணன் வீட்டு வாசல்ல மிதிக்க முடியாது டீச்சர்."

"தெரியும்."

"மக கல்யாணத்துக்குத் தாய்மாமன் வேணும்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பாடநூலிலும் ஒன்றும் இல்லை.

"நீங்க ஒங்க அண்ணனுக்குப் போட்டுக் குடுத்தியளா?" என்று கேட்டார்.

"எங்க வீட்டுல பிரிக்கிறதுக்கு ஒண்ணும் கிடையாதும்மா."

"அப்போ நிம்மதி" என்று சிரித்துவிட்டுச் சொளகை இடுப்பில் இடுக்கிக்கொண்டு போனார். மகள் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த பாடவேளைக்கு மணி அடித்தது. பத்து 'ஆ' பிரிவுக்குத் தேசியப் பூங்காக்கள் எடுக்க வேண்டியிருந்தது.